கறுப்புக் கரையில் ஒரு வெள்ளைக் கோடு

எனக்கு அப்போது எட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து இரண்டு குளிர்காலம் கடந்திருந்தது. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஓர் ஆங்கிலேய ஆசிரியை இருந்தார். அவருடைய கூரை ஒழுகத் தொடங்கியபோது, தன்னிடமிருந்த ஒரே அருமையான பொருளைச் சுருட்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் ஒப்படைத்தார். அமெரிக்காவில் நவஹோப் பழங்குடிப் பெண்ணொருத்தி ஆட்டு ரோமத்தை நூற்று, தறியில் நெய்த கம்பளம். சிவப்பில் படிக்கட்டு போன்ற வடிவங்கள், சுற்றிவரக் கறுப்புக் கரை.

ஒருவரும் மிதிக்கக் கூடாதென்று அம்மா அதைச் சோபாவின் முதுகில் விரித்துவைத்தார். பார்க்க வந்த சின்னம்மா, கூறைச்சேலையில் குறை பிடிக்கிற கண்ணால் அதை மேய்ந்தார்.

"இஞ்ச பாரக்கா, பிழை விட்டிட்டாள். கறுப்புக் கரைக்குள்ளால வெள்ளை நூல் ஓடுது."

உண்மைதான். மூலையருகே மெல்லிய கோடொன்று கரையை ஊடறுத்து விளிம்புவரை போனது. எனக்கு அந்த நெசவுக்காரிமேல் இரக்கம் வந்துவிட்டது. அவர்கள் இருவரும் குசினியில் தேநீர் போட்ட நேரத்தில், கறுப்பு மார்க்கரால் அந்தப் பிழையைத் திருத்தினேன். மிக நேர்த்தியாக.

"ஐயோ, மேல்வீட்டு மனிசியின்ர சாமானடி!"

ஒரு கையில் கம்பளமும் மறுகையில் நானுமாக அம்மா மாடியேறினார். அவருக்கு ஆங்கிலம் வராது, நானில்லாமல் வெளியே போவதுமில்லை. மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

"இவள்தான் பூசினவள் எண்டு சொல்லு."

பேனை தானாக ஒழுகிவிட்டதென்று அம்மா சொல்வதாகச் சொன்னேன். ஆசிரியை மையில் கறுத்திருந்த என் விரல்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, அது பிழையல்ல என்றார். கரை வைத்து நெய்யும் சில பெண்கள் வேண்டுமென்றே அப்படியொரு கோடு விடுவார்களாம்.

"நெய்தவளின்ர மனசு உள்ளுக்க அடைபடாமல் வெளிய போற பாதையாம், அம்மா."

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "வடிவாக் கேட்டனியோ? இன்னொருக்காக் கேள்."

கேட்டேன். அதே பதில்தான்.

பரவாயில்லை, விடுங்கள் என்றார் ஆசிரியை. அம்மா விடவில்லை. கம்பளத்தைத் திரும்பக் கீழே கொண்டுவந்து, குளிர்ந்த தண்ணீரும் பஞ்சுமாக உட்கார்ந்தார். நல்லகாலம், அது தண்ணீரில் கரைகிற மை. பொழுதுபடும்வரை நூல் நூலாக ஒற்றியெடுத்தார். உதவிக்குப் போன சின்னம்மாவைக்கூடத் தொடவிடவில்லை. கோடு மறுபடி வெளுத்துத் தெரிந்தபோது அம்மா சிரித்தார், கண்களையும் துடைத்துக்கொண்டார்.

மேல்வீட்டுக்காரருக்குப் பயந்துதான் இத்தனை பாடு என்று நினைத்தபடி, நான் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.