கமேலியாப் பாதையைக் கடைசியில் கூட்டுங்கள்

1. முறைப்பாடு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். யாழ்ப்பாணத்தில் கட்டடப் படவரைஞனாக இருந்தவன், புலம்பெயர்ந்து வந்து ஹில்ஸ்பரோப் பக்கத்துப் பூங்காவில் சருகு வாரும் ரேக்கும் முழங்கால்வரை கம்பூட்ஸுமாக நின்றேன். சூப்பர்வைசர் கென் ஷெட் வாசலிலேயே மறித்தார். அவருடைய ஆங்கிலம் எனக்குள் இப்படித்தான் இறங்கியது:

"சேலைக்கு மேல குளிர் ஜாக்கெட் போட்ட மனிசி ஒண்டு கமேலியாப் பூப் பறிக்குதாம். மூண்டு முறைப்பாடு வந்திட்டுது. உன்ர பாஷைதான், நீயே கதை. இன்னொருக்காப் பறிச்சா, பூங்காவுக்குள்ள வரக்கூடாதெண்டு கடிதம் போகும்."

2. கேற்

அவர் பரமேஸ்வரி அக்கா. எதிர்ப்பக்க பிளாட்டில் இருந்தார். முற்றம் முழுக்கக் கொங்கிரீட், பூச்செடி வைக்க மண் இல்லை. காலை ஏழு மணிக்கு ஐஸ்கிரீம் டப்பாவோடு வருவார்.

"அக்கா, பறிக்காதேங்கோ. விழுந்ததைப் பொறுக்குங்கோ, ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"நீர் சைவப் பிள்ளைதானே தம்பி? விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கிறதே?"

அவரை வாசல் கேற்றடிக்குக் கூட்டிப்போனேன். இந்தப் பூங்கா முதலில் கல்லுடைத்த குழி. எரிமலைக் கருங்கல்லைத் தெருக்களுக்கு வெட்டி எடுத்த பிறகு புல் விதைத்தார்கள். பாண்ட் வாசிக்க வட்டமண்டபம் கட்டினார்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் மிச்சக் கல்லில் இந்தக் கேற். அதில் இருபத்தொரு பெயர்கள். பாதையில் இருபத்தொரு கமேலியா.

"சண்டைக்குக் கப்பலேறிப் போன பிள்ளையள் அக்கா. ஒருத்தற்ர உடம்பும் திரும்பி வரேல்லை. கல்லறைக்குப் பதிலா மரம் வைச்சவை."

"ஆர் வைச்சது? தாய்மாரோ?"

"ஓம்."

ஒரு பெயரை விரலால் தடவினார். டப்பாவில் இருந்த ஐந்து பூவையும் கேற்றடியில் வைத்துவிட்டுப் போனார்.

3. தள்ளுவண்டி

ஒன்பது நாள் அவர் வரவில்லை. சனம் வருமுன் பாதை சுத்தமாக இருக்கவேண்டும் என்பது விதி. நான் இருட்டுப் பிரியும்போதே கூட்டினேன். கமேலியா அநேகமாக இதழிதழாக உதிராது. முழுப் பூவாக விழும், வானத்தைப் பார்த்தபடி. விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அதற்கு விழுந்தது தெரியாது.

பத்தாம் நாள், கூட்டிய பாதையில் வெறும் டப்பாவோடு நின்றார்.

"ஒண்டும் இல்லையே தம்பி."

"விழுந்த பூ ஆகாதெண்டனீங்கள்."

"சாமிக்குத்தான் ஆகாது." டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "படத்துக்கு வைக்கலாம். என்ர மூத்தவன். அவன்ர உடம்பும் வரேல்லை."

பூவெல்லாம் என் தள்ளுவண்டியில், சேறும் சருகுமாகக் கொம்போஸ்ற் உரக் குவியலுக்குப் போகக் கிடந்தது. குனிந்து பொறுக்கத் தொடங்கினேன்.

"விடும். குப்பைக்குப் போட்டதை அவனுக்கு வைக்கேலாது. நாளைக்கு வாறன்."

மறுநாள் நான் ரேக்கை எடுக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கென் வந்து ஏன் கூட்டவில்லை என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஷெட் சுவரில் இருந்த வேலைப் பட்டியலில் கமேலியாப் பாதையை முதல் வரியிலிருந்து வெட்டி, கடைசி வரியில் எழுதினார்.

"ஆராவது வழுக்கி விழுந்தா ரிப்போர்ட் நீதான் எழுதோணும்."

எவரும் விழவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எதை முதலில் கூட்டுவதென்று எல்லோரும் சொல்லித்தருவார்கள். எதைக் கடைசிக்கு விடுவதென்று நான் சொல்கிறேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, அக்கா வந்துபோன பிறகு நான் ரேக்கோடு போகும்போது இருபத்தொரு மரத்தடியிலும் ஒவ்வொரு பூ வேரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சுற்றிக் கூட்டப் பழகிக்கொண்டேன்.