நீடாமங்கலத்தில் ஒரு பழைய கணினியும் தை மாதப் பத்திரிகைகளும்

பொங்கலுக்கு முந்தின வாரம் நீடாமங்கலம் போயிருந்தேன். என் பெரியம்மா மகள் எஸ்தர் அக்கா அங்கே டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. பத்து வருடக் கணினி திடீரென்று படுத்துவிட்டது. "எடைக்குப் போட்டுட்டு நீயும் இங்க வந்துடு" என்று திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து அத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அக்காவுக்குக் கடையை விட மனமில்லை. புதுக் கணினிக்கும் வழியில்லை. தை முகூர்த்தத்துக்குள் அதை ஓட வைக்காமல் சென்னை திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. எனக்கென்று மூடித்தான் இருந்தது.

"ரயிலுக்கு எஞ்சின் மாத்துறாங்க சார். இறங்கி நடந்தீங்கன்னா எங்களுக்கு முன்னாடி போயிடுவீங்க" என்றார் நடத்துனர். நடந்தேன். அவர் சொன்னது சரி.

கடைக்குப் பக்கத்திலேயே அரிசி ஆலை. கணினியைத் திறந்தால் விசிறி முழுக்க உமித்தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்ததும் ஓடியது, ஆனால் பழைய விண்டோஸ் பாதியிலேயே நின்றது. நல்லவேளை, கோப்புகளுக்குச் சேதமில்லை. பழையதை அழிக்காமல், வட்டின் (ஹார்டு டிஸ்க்) இன்னொரு பகுதியில் புது விண்டோஸைப் போட்டேன். ஒரு ஜிபி நினைவகத்தில் அது எழுந்து வருவதற்குள் அக்கா டீ போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவிவிட்டார்.

"ஏண்டா, இதுக்கு அது படுத்தே கிடந்திருக்கலாமே."

எனக்கு ரோஷம் வந்தது. பையில் கொண்டுபோயிருந்த எழுநூறு ரூபாய் நினைவகத்தைச் சொருகி, எடை குறைந்த ஒரு லினக்ஸை ஏற்றினேன். ஜம்மென்று ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து கோவில்வெண்ணியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம். இந்தப் பக்கத்தில் யாரும் புதிதாக எழுதித் தருவதில்லை; மூத்தவள் பத்திரிகையை எடுத்து, மணமக்கள் பெயரையும் தேதியையும் மாற்றச் சொல்வார்கள். அக்கா அந்தக் கோப்பைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"பேர் வரிசை போயிடுச்சாங்க?" அவர் முகம் வெளுத்தது. "எந்தத் தாய்மாமன் முதல்லன்னு மூணு பஞ்சாயத்து வச்சு முடிவு பண்ணதும்மா. அச்சடிச்ச பத்திரிகை ஒண்ணுகூட வீட்டுல இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். இன்னும் நாலு கோப்பைத் திறந்தேன்; எல்லாம் அதே கோலம். பத்து வருட உழைப்பும் அந்த வட்டில்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது: அக்கா தட்டியதெல்லாம் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில்; அது இல்லாத கணினியில் தமிழ் இப்படித்தான் தெரியும். பழைய விண்டோஸ் இருந்த பகுதியிலிருந்து அதைத் தேடி எடுத்துப் போட்டேன். அரைப்புள்ளிகள் தமிழாயின.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். "எல்லாரும் அவங்கவங்க இடத்துல இருக்காங்க" என்று மூச்சு விட்டார்.

இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: முதலில் தூசி தட்டுங்கள். நினைவகத்தைக் கூட்டுங்கள். இரண்டு ஜிபிக்குக் கீழே புது விண்டோஸை நினைக்கவே வேண்டாம், லினக்ஸ் போதும். எதை அழிப்பதற்கு முன்பும் எழுத்துருக்களைப் பிரதி எடுங்கள். வேகத்தைப் பிறகு பாருங்கள், பழைய கோப்பு திறக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் பையைக் கட்டும்போது அத்தான் போன் செய்தார். கடையை எப்போது மூடுகிறாய் என்று கேட்டிருப்பார் போல.

"மூடுறதா?" என்றார் அக்கா, அச்சுத்தாளை அடுக்கியபடி. "இங்க கையாள் பத்தலங்க. நீங்க கெளம்பி வாங்க."