துரைக்கு வழிவிட்ட ஏகாம்பரம்

பந்தாடுகிறவனுக்குக் கால் மட்டும்தான் வலிக்கும். பந்தாடக் கற்றுக்கொடுக்கிறவனுக்குத் தொண்டை, தலை, மானம் எல்லாமே வலிக்கும். மைதானத்தில் பையன்களைப் பார்த்துக் கத்திக் கத்திக் குரல் போன சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? வாருங்கள், நம் கஷ்டத்தைச் சொல்லி நாமே சிரிப்போம்.

வாயி கீதே!

பட்டணத்து மில் ஒன்றின் டீமில் நான் லெஃப்ட் அவுட். பேருக்குத் தறிக்கூடத்தில் வேலை. சம்பளம் என்னவோ என் இடது காலுக்குத்தான். சனிக்கிழமை சாயங்காலம் நான் கோல் போடுவதைப் பார்க்க மில்லே திரண்டு வரும். என்ன ராஜபோகம் போங்கள்! ஒரு மழைநாள் ஆட்டத்தில் முழங்கால் பிசகியது. வைத்தியர் போட்ட கட்டு எதுவும் பலிக்கவில்லை. ராஜபோகமும் அத்தோடு சரி.

வீட்டில் உட்கார்ந்து அழாத குறை. அப்போது எங்கள் கோல்கீப்பர் கன்னியப்பன் வந்தான். டீமுக்கு இளசுகளைத் தயார்பண்ண மில்லில் ஆள் தேடுகிறார்களாம். "இந்த நொண்டியா?" என்றேன். அவன் விடவில்லை: "காலு போனா இன்னா அண்ணாத்தே, ஊரையே கூட்டுற வாயி கீதே!"

துண்டு

வேலை கிடைத்தது. இளசுகளைத் தேடி மாமியார் ஊரான கள்ளிக்குப்பத்துக்கே போனேன். அங்கே எருமை மேய்கிற புறம்போக்கை மணியக்காரர் பெரிய மனசு பண்ணி மைதானமாக விட்டார். பையன்கள் எல்லாரும் உழுகிற வீட்டுப் பிள்ளைகள். பின்னால் நின்று கோலைக் காக்கிற பேக், ஏகாம்பரம். முரட்டுக் காளையை மூக்கணாங்கயிற்றோடு இழுத்து நிறுத்துகிற பயல். அவனைத் தாண்டி ஒரு பந்து போகாது.

யுத்தத்துக்காக ஆவடியில் முகாம் போட்டிருந்த வெள்ளைக்கார சோல்ஜர்கள் பொழுதுபோக்குக்கு எங்களை ஆடக் கூப்பிட்டார்கள். ஊரே கிளம்பி வந்தது. பனைமரம் மாதிரி ஒரு சோல்ஜர் பந்தோடு ஓடிவந்தான். நம் ஏகாம்பரம் என்ன செய்தான் தெரியுமா? தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பணிவாக ஓரமாய் ஒதுங்கி நின்றான்! சோல்ஜர் நடந்தே போய்க் கோல் போட்டான். அப்புறம் வரிசையாகக் கோல். "அடப்பாவி, ஏண்டா?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவன் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தான். "துரை வந்துகினு கீறாரு மாஸ்டர், வழி உடாம இன்னா பண்றது?"

தொப்பி

மணியக்காரருக்குக் கோபமான கோபம். மறு ஆட்டம் நம்ம ஊரில். அதிலும் தோற்றால் மறுநிமிஷமே எருமைகளை மைதானத்தில் கட்டுவேன் என்று சொல்லிவிட்டார். மைதானம் போனால் டீம் ஏது? டீம் போனால் எனக்கு வேலை ஏது?

பிறந்ததிலிருந்து துரைக்கு ஒதுங்கிப் பழகிய கால்களை வெறும் பேச்சால் திருத்த முடியுமா? முகாமில் பட்லராக இருந்த மச்சானிடம் ஒரு பழைய சோல்ஜர் தொப்பியும் பூட்ஸும் வாங்கினேன். மாட்டிக்கொண்டு நின்றதும் என் மனைவி ரோசம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மைதானத்தில் எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையைக் கத்திக்கொண்டு, நொண்டி நொண்டிப் பந்தோடு ஓடினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கே ஒதுங்கினான்கள்! வைதேன், கெஞ்சினேன், தினமும் ஓடினேன். கடைசியில் ஒருநாள் ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தான். பந்து ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், நான் சேற்றில். பதறி ஓடிவந்து தூக்கிவிட்டான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மன்னிச்சிக்குங்க மாஸ்டர்... நாளைக்கும் இந்தத் தொப்பிய போட்டுக்கினு வருவீங்க இல்ல?"

மரியாதை

மறு ஆட்டத்தன்று மணியக்காரர் எருமைகளைக் கயிற்றோடு ஓட்டிவந்து மைதானத்து ஓரத்திலேயே நிறுத்திவிட்டார். ஆளுக்கொரு கோல் போட்டுச் சமமாக நின்ற ஆட்டத்தில், முடிகிற நேரத்துக்கு அதே பனைமரம் பந்தோடு வந்தான். ஏகாம்பரத்தின் கை தலைத்துண்டுக்குப் போனது. ஐயோ, போச்சு! கண்ணை மூடிக்கொண்டேன். கூச்சல் கேட்டுத் திறந்தால், துண்டு அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருக்கிறது, பந்து அவன் வெறுங்காலில் இருக்கிறது, பனைமரம் தரையில் கிடக்கிறான்! ஏகாம்பரம் அடித்தான் பாருங்கள் ஒரு அடி, நேராக லெஃப்ட் அவுட் முனுசாமியிடம். அவன் கோலுக்குள் திணித்தான். ஜெயித்தோம் ஐயா, ஜெயித்தோம்! நொண்டிக் காலோடு நான் குதித்தேன். மணியக்காரர் எருமைகளை விட்டுவிட்டுப் பையன்களைத் தூக்க ஓடினார்.

பனைமரம் எழுந்து வந்து சிரித்துக்கொண்டே கை நீட்டினான். ஏகாம்பரம் இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கை கொடுத்தான். நான் முறைத்தேன். நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "அதான் ஆட்டம் முடிஞ்சி போச்சே மாஸ்டர், ஜெயிச்சவன் மரியாதை குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?"

ஆக, இத்தனை காலம் பந்தைத் துரத்தி நான் கண்டது இதுதான்: ஆட்டம் முடிகிறவரை துண்டு இடுப்பை விட்டுக் கக்கத்துக்கு ஏறாமல் பார்த்துக்கொண்டால், நொண்டி வாத்தியார் பிழைப்பும் ராஜபோகமாகவே ஓடும்.