செய்மதிக்குத் தெரியாத வீடு

கடல் எங்கள் வீட்டை அள்ளிக்கொண்டு போய்ச் சில வாரங்கள் இருக்கும். முகாமில் கிடைத்த சோற்றுப் பொதியைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் இரண்டு படங்கள் இருந்தன. சனிக் கிரகத்தின் நிலவொன்றில் இறங்கிய விண்கலம், அங்கே கிடந்த கற்களைப் படம்பிடித்து அனுப்பியிருந்தது. இறங்குமுன் மேலிருந்து எடுத்ததில் கறுப்புக் கோடுகள் கிளைவிட்டு ஓடின. ஏதோ ஆறு ஓடிய தடமாம். எண்ணெயைத் துடைத்துவிட்டு மனைவிக்குக் காட்டினேன்.

“சனி நம்மளப் பிடிச்சது காணாதெண்டு, நீங்க அதப் பிடிச்சிக்கிட்டு இரிக்கிறீங்க,” என்றாள்.

பிறகொரு நாள், வீடு கட்டித்தரும் நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி லப்டொப்போடு எங்கள் ஊருக்கு வந்தார். அலைக்கு முன்பு வானத்திலிருந்து செய்மதி எடுத்த படத்தில் கூரை தெரிந்தால் பழைய இடத்திலேயே, அதே வளவில் வீடு. தெரியாவிட்டால் எங்கோ காட்டோரத்தில் ஒரு துண்டுக் காணி. என் வளவு வாவிக்கரையில் இருந்தது. அதை விட்டுப் போவதில்லை என்று அவர் லப்டொப்பைத் திறக்கும் முன்பே அறிவித்துவிட்டேன்.

“ஐயா, இதில வீடு இல்லையே. மரம்தான் இருக்கு.”

இருக்காதுதான். சண்டைக் காலத்தில் குண்டுபோட ஹெலி சுற்றிய வருடங்களில் கூரை மேலிருந்து தெரியக்கூடாதென்று மாமரத்தையும் மரமுந்திரிகையையும் அடர்த்தியாக வளரவிட்டு, மிச்சத்துக்குத் தென்னோலைக் கிடுகு போர்த்தியவன் நான். ஊருக்கே அதில் பாடம் எடுத்தேன். பக்கத்து வளவு மச்சான் மட்டும் கேட்காமல் மாட்டுக் கொட்டிலுக்குப் புதுத் தகரம் போட்டான். படத்தில் அந்தக் கொட்டில் வெள்ளிக்காசு போல மின்னியது. அவனுக்கு வீடு உறுதி.

“கவலப்படாத மச்சான்,” என்றான் அவன். “மாட்டக் கேட்டுப் பாக்கிறன். ஓமெண்டா நீயும் ஒரு மூலையில இரி.”

எஞ்சிய அத்திவாரத்தைக் காட்டினேன். எப்போதோ கைவிட்ட அத்திவாரமாகவும் இருக்கலாமே என்றார் தம்பி.

“சனிட நிலவில கிடக்கிற கல்லுத் தெரியுது. கல்யாணம் முடிச்ச நாளையில இருந்து நான் குறட்ட விட்ட வீடு தெரியல்லயா?”

“குறட்ட படத்தில விழாது,” என்றாள் மனைவி.

அவர் சிரித்தபடி லப்டொப்பை மூடப் போனார். நான் குறுக்கே கையை வைத்தேன். என் தடித்த விரல்கள் எதையோ அமுக்க, படம் துள்ளி வாவிப் பக்கம் போய் நின்றது. அங்கே ஒரு வெளிறிய கோடு. தோணித்துறையில் தொடங்கி எங்கள் மரங்களுக்குள் நுழைந்து மறைந்தது. மீன் வாங்கவும் குளிக்கவும் நாங்கள் நடந்து நடந்து புல் செத்த பாதை. கூரையை ஒளித்த கெட்டிக்காரனுக்குப் பாதையை ஒளிக்கத் தோன்றியிருக்கவில்லை.

“கோட்டப் பாத்துச் சனிட நிலவில ஆறு ஓடினதெண்டு சொல்றாங்க. இந்தக் கோட்டப் பாத்து இஞ்ச மனிசர் இருந்ததெண்டு சொல்ல ஏலாதா தம்பி?”

“ஆடுமாடு நடந்திருக்கலாம் ஐயா.”

“மாடு பக்கத்து வளவில,” என்றாள் மனைவி. “அதுக்குத்தான் வீடு குடுத்திட்டீங்களே!”

மச்சான்கூடச் சிரித்துவிட்டான். தம்பி அந்த வெளிறிய கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

“கேளுங்க. நாங்க காத்திருக்க மாட்டம்.”

மறுநாளே முகாமை விட்டோம். அத்திவாரத்தின் மேல் கூரையாகத் தரப்பாள் கட்டினேன். அவள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். பதில் வருமுன் குந்தினால் ஒன்றும் கிடைக்காது என்று ஊரே பயமுறுத்தியது. கிடைக்காவிட்டால் போகட்டும் என்றேன். வீரம் பேசினேனே தவிர, அலைச் சத்தம் கொஞ்சம் கூடினாலும் என் கை சைக்கிளைத்தான் தேடியது. அவள் அடுப்பை விட்டு எழும்பவேயில்லை.

தம்பி திரும்பி வந்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“மேலிடம் ஓமெண்டு சொல்லிட்டுது ஐயா. ஆனா பதிலுக்கு முன்னம் நீங்க வந்திருக்கக் கூடாது.”

“வந்தாச்சே தம்பி.”

மனைவி அவருக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அத்திவாரத்திலேயே உட்கார்ந்தார். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, வாசல் எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டார்.

“வாவியப் பாத்து,” என்றோம் இருவரும் ஒரே மூச்சில். கல்யாணம் முடித்த பிறகு நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.