சிவப்புப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தினேன்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் நாங்கள் முதலில் இருந்த வீட்டில், வீட்டைச் சூடாக்குகிற காஸ் பொயிலர் குசினிச் சுவரில்தான் மாட்டியிருந்தது. நான் மிளகாய் வறுத்தால் போதும், கீழ்வீட்டு ஜெர்மன் மனிசி படியேறி வந்து கத்துவா. அவவுக்குப் பயந்து, மணம் வெளியே போகாமல் குசினிக் கதவின் காற்றுத் துவாரத்தைப் பசை ரேப்பால் ஒட்டி மூடினேன். ஜன்னலையும் பூட்டி, புகை இழுக்கிற விசிறியைப் போட்டுவிட்டுத்தான் வறுப்பேன்.

அந்தக் குளிர்காலம் பொயிலர் அடிக்கடி தானாக நின்றது. சிவப்புப் பொத்தானை அமத்தினால் திரும்ப எரியும். எரிச்சலோடு அமத்திக்கொண்டே இருந்தேன். எனக்குத் தலையிடி. கைக்குழந்தை மகள் எந்நேரமும் தூங்கி வழிந்தாள்.

"உமக்கு எதுக்கெடுத்தாலும் பயமப்பா. பொயிலர் பழசு, அவ்வளவுதான்" என்று என் கணவர் சிரித்தார். நான்தான் அடம்பிடித்துத் திருத்துகிறவரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் ரேப்பைக் கண்டதும் உரித்தெறிந்து ஜெர்மனில் கத்தினார். "காற்று வர வழியில்லை. பொயிலரிலிருந்து வெளியே போகவேண்டிய நச்சுப் புகையை விசிறி வீட்டுக்குள்ளே இழுக்குது. உங்களைக் காப்பாற்றத்தான் பொயிலர் நின்றது. நீங்கள் திரும்பத் திரும்பக் கொளுத்தியிருக்கிறீங்கள்!"

சிரித்த இவர் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் எல்லாத்துக்கும் பயந்தவள்தான். ஆனால் பிள்ளையைக் கொல்லக்கூடிய புகை தெரியாமல், ஒருத்தியின் முகச்சுளிப்புக்குப் போய்ப் பயந்தேனே! நினைத்தால் இன்றைக்கும் பற்றியெரிகிறது.

அடுத்த கிழமை ஜன்னலை அகலத் திறந்து வைத்து மிளகாய் வறுத்தேன். கீழ்வீட்டு மனிசி ஏறி வந்தா.

"கத்துங்கோ அக்கா, நான் இனிப் பூட்டமாட்டன்" என்று தமிழிலேயே சொன்னேன்.

பின்னால் மகள் நன்றாக முழித்திருந்து தும்மினாள்.