அத்தையின் முட்டுக்கட்டை

என் காரின் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஒரு சவுக்குக் கட்டை கிடக்கிறது. முக்கோணமாக அறுத்தது. ஒரு மூலையில் ஓட்டை போட்டு, கிழிந்த மீன்வலையிலிருந்து எடுத்த நீல நைலான் கயிறு கோத்திருக்கிறது. நான் கூடுவாஞ்சேரியில் குடியிருந்து கால் டாக்சி ஓட்டுகிறவன். பெட்டி வைக்க டிக்கியைத் திறந்தால் பயணிகளின் கண் முதலில் அதன்மேல்தான் விழும். "இது எதுக்குண்ணே, யாரையாவது அடிக்கவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். "அடிக்கிறதுக்கு இல்ல சார், நிக்கிறதுக்கு" என்பேன். புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு ஏறிக்கொள்வார்கள்.

இந்தக் கார் வாங்கிய அன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எல்லாரும் கூடி நின்றபோது, என் அத்தை மட்டும் இந்தக் கட்டையை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "பழம் ஒரு தபா நசுங்கிப் பூடும். இது நசுங்காது, வெச்சிக்க" என்றார். அப்பாவின் தங்கை அவர். எங்கள் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டிய முதல் பெண். அந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் எங்கள் ஊர் ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, உப்பங்கழிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல்மேடு. அதுதான் எங்கள் ஊர். கடலோரம் மீனவர் தெரு, கழியோரம் எங்கள் காலனி, நடுவில் சவுக்குத் தோப்புகள். அந்தத் தோப்புகளில் பாதி இன்று ரிசார்ட். கிழக்குக் கடற்கரைச் சாலையும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் கழிக்கு அக்கரையில். தரைவழியும் இருக்கிறது, தெற்கே போய் உப்பளங்களை எல்லாம் சுற்றிக்கொண்டு வர வேண்டும், மழைக்காலத்தில் அதுவும் முழுகிவிடும். ஆகவே இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, மேலே பலகை அடித்து, மோட்டார் பூட்டிய ஒன்று இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும். ஆளும் ஏறலாம், வண்டியும் ஏறலாம், ஒரு காரும் ஏறலாம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஜோடி. துறையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், ஜோடி ஓட்டுகிறவர் வேறொருவர். புதிதாகக் கடன் வசூலிக்க வந்த ஒரு தம்பி, "ஜோடி வந்தாத்தான் அந்தாண்ட போவ முடியும்" என்று கேட்டு, தனி ஆளை ஏற்றமாட்டார்கள் போலிருக்கிறது என்று பயந்து, பக்கத்தில் நின்ற மீன்காரம்மாவை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். "இன்னா தம்பி, எனக்குப் பேரன் கீறான்" என்று அந்த அம்மா சொன்னது இன்றுவரைக்கும் துறையில் பேச்சு.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஜோடியைப் படம் பிடிப்பார்கள், "எவ்வளவு அழகான பயணம், கொடுத்து வெச்சவங்க நீங்க" என்பார்கள். கூடுவாஞ்சேரியில் காலை மின்சார ரயிலின் படியில் தொங்குகிறவரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். நாங்கள் அழகு பார்க்க ஏறவில்லை. ஷிப்ட்டுக்கு ஏறினோம், டயாலிசிஸுக்கு ஏறினோம், பரீட்சைக்கு ஏறினோம். நனைந்தோம், காத்திருந்தோம், மோட்டார் நின்றால் கழிநடுவில் வெயில் காய்ந்தோம்.

வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஜோடியில் ஏறும் முறைதான் பொறுக்க முடியாதது. எழுதி ஒட்டாத முறை அது. முன்பக்கம் மற்றவர்கள் வண்டி, வால்பக்கம் காலனி வண்டி. ஏறும்போது கடைசி, அக்கரையில் இறங்கும்போதும் கடைசி. இதற்கு மேல் ஒன்று: கார் வந்துவிட்டால் ஏறிய வண்டிகள் எல்லாம் இறங்கிவிட வேண்டும். "கார் வருது, எறக்கு" என்று ஒரு குரல் வந்தால் போதும், மாவு மூட்டையை மடியில் வைத்திருந்தவர்கூட வாய் பேசாமல் வண்டியைப் பின்னால் தள்ளுவார். ஆட்டத்தில் சக்கரம் உருளாமல் அடியில் வைக்கிற முட்டுக்கட்டைகள் ஜோடியில் இருந்தன, ஆனால் அவை காருக்கு. ஸ்டாண்டு போட்டாலும் நகர்ந்துகொண்டே இருக்கும் ஸ்கூட்டரை நாங்கள் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அத்தை ஒருநாள் ஜோடி ஓட்டுகிறவரிடம் கேட்டார்: "அண்ணாத்த, சும்மா கெடக்குதே, ஒரு கட்டை குடேன்." அவர் நல்ல மனுஷன்தான். ஆனாலும் சொன்னார்: "அது காரு கட்டைம்மே. குத்தகைக்காரர் பாத்தா கத்துவாரு."

அத்தை அப்போது கல்பாக்கம் டவுன்ஷிப் பக்கம் ஓர் ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட். தன் அம்மா கூலிக்கு மரம் வெட்டிக் கட்டிய அதே சவுக்குத் தோப்பிலிருந்து ஒரு துண்டு எடுத்துவந்தார். நான் அக்கரையில் ஒரு மெக்கானிக் கடையில் இருந்தேன். "ரெண்டு பக்கம் சாய்வா அறு, வழுக்காத மாதிரி கொஞ்சம் சொரசொரப்பா வுடு" என்று சொல்லி என்னிடம் அறுக்கக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அது ஸ்கூட்டர் கொக்கியில் சாப்பாட்டுப் பையோடு தொங்கியது. ஜோடியில் ஏறியதும் சக்கரத்தடியில் வைப்பார், கைகட்டி நிற்பார். மற்றவர்கள் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் கைகட்டி நிற்பதைப் பார்த்து மீனவர் தெரு ஆட்கள் கிண்டல் செய்வார்கள்: "டைப்பம்மா, கட்டைக்கும் டிக்கெட் எடுத்தியா?" "நீ எடுத்தா நானும் எடுக்கறேன்" என்பார்.

ஒரு காலைப்பொழுது. அன்றைக்கு அத்தைக்கு நேர்முகத் தேர்வு. தற்காலிகம் நிரந்தரமாவதற்கு அவர் காத்திருந்த ஒரே வாசல் அது. நாகப்பழ நிறத்தில் புடவை, தலையில் கனகாம்பரம். நானும் என் சைக்கிளோடு பக்கத்தில் நின்றேன். வழக்கப்படி எங்களைக் கடைசியில்தான் ஏற்றினார்கள். ஏறுபலகையை ஒட்டி, ஜோடியின் வாயில், அத்தையின் ஸ்கூட்டர். கட்டையை வைத்துவிட்டுக் கைகட்டினார். அப்போதுதான் ரிசார்ட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கார் சரிவில் இறங்கி வந்தது.

"காரு வருது, எறக்கு எறக்கு! காலனி வண்டிய மொதல்ல எறக்கு!" குத்தகைக்காரர் கரையிலிருந்து கத்தினார்.

அத்தை அசையவில்லை.

"ஏம்மா, காது கேக்கல? ஒரே பேஜாரா கீது உன்னோட. எறக்கு."

"கட்டை போட்டாச்சு" என்றார் அத்தை. "அக்கரையிலதான் எடுப்பேன்."

ஸ்கூட்டரைப் பூட்டினார். சாவியைச் சாப்பாட்டுப் பையில் போட்டார். அப்புறம்தான் குத்தகைக்காரருக்கு அது உறைத்தது, எனக்கும்தான். ஜோடியின் வாயில் நிற்கிற வண்டி நகராமல் உள்ளே நிற்கிற எந்த வண்டியும் இறங்க முடியாது. காலனி வண்டி கடைசியில்தான் ஏற வேண்டும் என்று வைத்தவர்களே அத்தையைக் கொண்டுவந்து புட்டிக்கு மூடி மாதிரி வாயில் நிறுத்தியிருந்தார்கள்.

"முட்டுக்கட்டை போடுறியாம்மா நீ?" என்று குத்தகைக்காரர் கேட்டார், திட்டுவதாக நினைத்துக்கொண்டு.

அத்தை குனிந்து சக்கரத்தடியைப் பார்த்தார். "பின்ன, இது இன்னா, கருவாடா?"

முன்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மீன்காரம்மாவின் சிரிப்பு. அது பரவியது. அந்தக் கரையில் குத்தகைக்காரரைப் பார்த்து யாரும் அதுவரை சிரித்ததில்லை.

காரில் இருந்தவர் கெட்டவர் இல்லை. இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டார். விமானத்துக்குப் போகிறவர், தவிப்பு அவருக்கும் இருந்தது. அத்தைக்குத் தேர்வு இருப்பதை யாரோ சொல்ல, "அம்மா, நீங்க ஸ்கூட்டரை இங்க விட்டுட்டு என் கார்லயே வாங்க. டவுன்ஷிப் வாசல்ல இறக்கிவிட்டுடறேன். நேரத்துக்குப் போயிடலாம்" என்றார். குத்தகைக்காரரும் பிடித்துக்கொண்டார்: "அதான் நல்ல யோசனை. உனக்கும் வேலை ஆச்சு, எனக்கும் வேலை ஆச்சு." நான் அத்தையின் காதோரம் குனிந்து, "போய்டு அத்த, இன்னிக்கி ஒரு நாளு" என்றேன்.

அத்தை உள்ளே திரும்பிப் பார்த்தார். மீன்கூடை கட்டிய டிவிஎஸ், குழந்தையைத் தோளில் போட்ட ஒரு பெண், பால்கேன் வண்டி. அவர்கள் எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னது இது: "வேலை இன்னொரு தபா வரும்டா. இன்னிக்கி எறங்கிட்டா, தெனம் எறங்கணும்." பிறகு கார்க்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்க மேல கோவம் இல்ல சார். நீங்க எங்களுக்குப் பின்னாடி வந்தீங்க, அவ்ளோதான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு உப்பளத்து வழியாகப் போனார். குத்தகைக்காரர் கரையிலேயே நின்று, "மோட்டார எடுக்காத" என்று ஓட்டுகிறவருக்கு உத்தரவு போட்டார். வெயில் ஏறியது. அத்தையின் கனகாம்பரம் வாடத் தொடங்கியது. ஒருவரும் இறங்கவில்லை. கடைசியில் ஓட்டுகிற அண்ணன் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, "காரு கட்டை, வண்டி கட்டை எல்லாம் எனக்கு ஒண்ணுதான்பா. கட்டை போட்டா ஓட்டணும்" என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு மோட்டார் கயிற்றை இழுத்தார்.

அத்தை போய்ச் சேர்ந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்திருந்தது. அந்த வேலை போயிற்று. அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை, கடைசி நிமிஷத்தில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. இன்னொரு தபா வந்தது, ஆனால் அதற்கு ரொம்பக் காலம் பிடித்தது. அதுவரை தற்காலிகச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அப்பா சாப்பிடும்போதெல்லாம் முணுமுணுப்பார்: "ஒரு கட்டைக்கு ஒரு வேலையத் தாரவாத்தா." அத்தை சோறு போட்டுக்கொண்டே, "கட்டை கீது இல்ல? அது போதும்" என்பார்.

மறுநாள் துறைக்குப் போனபோது நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். டிவிஎஸ்காரர் ஒரு செங்கல்லோடு வந்திருந்தார். பால்காரர் தென்னை மட்டைத் துண்டு. மீன்காரம்மா எடைக்கல்லையே எடுத்து ஒரு சக்கரத்தடியில் வைத்தார். மீனவர் தெரு ஆட்கள் பழைய வலை மிதவையை அறுத்துக் கொண்டுவந்தார்கள். முன்பு அத்தையைக் கிண்டல் செய்தவர்களும் அவர்களில் உண்டு. குத்தகைக்காரர் சும்மா இருக்கவில்லை. "மோட்டார் ரிப்பேர்" என்று ஜோடியைக் கட்டிப்போட்டார். நாங்கள் தினமும் அதே நேரத்துக்குப் போய், கட்டிப்போட்ட ஜோடியில் வண்டியை ஏற்றி, கட்டை போட்டு, ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றோம். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள், திட்டு வாங்கினோம், நின்றோம். ஒருநாள் காலையில் மோட்டார் தானாகவே சரியாகிவிட்டது. அதன்பிறகு யார் முதலில் வந்து கட்டை போடுகிறாரோ அவர் முதல் என்று ஆயிற்று. கட்டையில் காலனிக் கட்டை, மீனவர் தெருக் கட்டை என்று எழுதியிருக்காது அல்லவா.

ஊரில் அந்தச் சொல் தங்கிவிட்டது. பெண்ணுக்கு நிச்சயம் முடிந்துவிட்டால் "கட்டை போட்டாச்சு." படிக்கப் போகிறேன் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் "கட்டை போட்டுட்டாம்பா." வேறு ஊரில் முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால் காரியத்தைக் கெடுக்கிறவன். எங்கள் ஊரில் அது மரியாதை. "சுத்திப் போனா இன்னா கொறஞ்சிடும், ஒத்துப்போனா இன்னா" என்று எனக்கு இப்போதும் புத்தி சொல்கிறவர்கள் உண்டு. சுற்றிப் போகச் சொல்கிறவர்கள் ஒருநாளாவது சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

போன வாரம் விமான நிலையத்திலிருந்து ஒரு குடும்பத்தை அந்த ரிசார்ட்டுக்கே அழைத்துப்போனேன். அக்கரைத் துறையில் ஜோடி புறப்பட இருந்தது. ஓட்டுகிறவர் புதியவர், குத்தகையும் கை மாறிவிட்டது. என் காரைக் கண்டதும் அவர் பலகைப் பக்கம் திரும்பி, "ரிசார்ட் கார்மா, கொஞ்சம் எறக்கினா..." என்று இழுத்தார். வாயில் நின்ற ஸ்கூட்டரில் ஒரு பெண், கழுத்தில் ஆபீஸ் அட்டை, காதில் இயர்போன். யார் வீட்டுப் பெண் என்று எனக்குத் தெரியவில்லை. சக்கரத்தடியில் ஆன்லைனில் வாங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை. இயர்போனைக்கூட எடுக்காமல் அவள் சொன்னாள்: "கட்டை போட்டாச்சுண்ணா."

பின்சீட்டிலிருந்தவர் ஹார்ன் அடிக்கச் சொன்னார். நான் அடிக்கவில்லை. "நாங்க காசு குடுத்து வர்றோம். இப்படியே நின்னா ஒரு ஸ்டார்தான் போடுவேன்" என்றார்.

நான் இறங்கி டிக்கியைத் திறந்தேன். அத்தையின் கட்டையை எடுத்தேன். சரிவில் நின்ற என் காரின் முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்து, காலால் ஓர் உதை கொடுத்து இறுக்கினேன். கைகட்டிக்கொண்டு நின்றேன். ஜோடி கிளம்பியது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

கண்ணாடி இறங்கியது. "இது எதுக்குங்க?" என்றார் அவர்.

"நிக்கிறதுக்கு சார்."