தண்ணீர்த் தாங்கிக்கு இடம் கேட்ட கதை

சனத்திடம் கருத்துக் கேட்பதுதான் என் உத்தியோகம். கேட்கிற எனக்குச் சம்பளம், சொல்கிற சனத்துக்குப் பணிசும் பிளேன்ரீயும். மைக் எல்லாம் கட்டிவிட்டு வெறும் கதிரைகளுக்கு வணக்கம் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள்.

நெடுந்தீவில் ஒரு கிராமத்துக்கு ஒரேயொரு குடிநீர்த் தாங்கி ஒதுக்கப்பட்டது. கோயிலடியில் வைப்பதா, கடற்கரைக் குடியிருப்பில் வைப்பதா என்று ஊரே தீர்மானிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்மானம் வராவிட்டால் தாங்கி வேறு தீவுக்குப் போய்விடும்.

கையெழுத்தும் பணிசும்

முதல் கூட்டம் சனசமூக நிலையத்தில், காலை பத்து மணிக்கு. குறிகட்டுவானில் இருந்து நான் வரும் படகு அதற்குச் சற்று முன்தான் சேரும். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து கண்ணயரும் நேரமும் அதுதான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கருத்துக் கேட்பதே தொழிலாக இருந்தும் நான் கேட்கவுமில்லை.

வரவு இடாப்பில் நாற்பத்தொரு கையெழுத்து. மண்டபத்தில் ஏழு தலை, அதில் ஒன்று என்னுடையது. பணிசோடு வாசலால் நழுவிய ஒரு அண்ணையை மறித்து, இருந்து கதைக்காமல் போகிறீர்களே என்றேன்.

"பிள்ளை, உங்களுக்குக் கையெழுத்துத்தானே வேணும்? அதைத் தந்திட்டன். இனி நான் போய்ப் படுக்கட்டே?"

கடல் கடந்த பங்கேற்பு

வர முடியாதவர்கள் இருந்த இடத்தில் இருந்தே சொல்லட்டும் என்று வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். அடுத்த நாளே கருத்துகள் குவிந்தன. பெரும்பான்மை கோயிலடிக்கு. அந்தப் பெரும்பான்மை கனடாவில் இருந்தது. கடற்கரைப் பக்கத்தில் இருந்து ஒரு காலை வணக்கப் பூ மட்டும் வந்தது.

கனடாவில் இருந்த ஒருவர், கோயிலடியில் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டு வாசலைப் படம் எடுப்பித்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். தாங்கி அந்த வட்டத்துக்குள் வர வேண்டுமாம். அழைத்து, "அண்ணை, அங்கை இருந்து எப்பிடித் தண்ணி அள்ளுவியள்?" என்றேன்.

"திருவிழாவுக்கு வாறனாங்கள் எல்லே, தங்கச்சி? பத்து நாளும் குளிக்காமலே நிக்கிறது?"

வாய் திறக்காத பின்வரிசை

இரண்டாம் கூட்டத்தைப் பின்னேரம் வைத்து, அன்று ஊரிலேயே தங்கினேன். ஆண்கள் வந்தார்கள். இறங்குதுறை, ரோட்டு, உலக அரசியல் எல்லாம் பேசினார்கள். பின்வரிசைப் பெண்கள் வாயே திறக்கவில்லை. ரெஜினா அக்காவும் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி கோயிலடியோடு திரும்பிவிடுவதால், கடற்கரையில் இருந்து முழங்கால் வலியோடு நடந்து வந்து தண்ணீர்க் கான் சுமப்பவர் அவர். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் முடிந்தது. வாசல் படலையடியில் அத்தனை பெண்களும் தண்ணீர் சுமக்கும் கஷ்டத்தை ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். "இதை உள்ளுக்கை சொல்லியிருக்கலாமே, அக்கா?" என்று ரெஜினா அக்காவிடம் கேட்டேன்.

"உள்ளுக்கை என்ரை மனுசன் எல்லே கதைச்சுக்கொண்டு நிண்டவர். அவர் ஒருநாளாவது கான் தூக்கினவரே, மிஸ்?"

கான் வரிசை

மூன்று மாதத் தவணை முடிய ஒரு கிழமைதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பவுசர் வரும் நாள், அது வந்து நிற்கும் இடத்துக்கே போனேன். அங்கே வரிசையில் நிற்பது ஆட்கள் அல்ல, வீட்டுப் பெயர் எழுதிய கான்கள். கான் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஆட்கள் எல்லோரும் மர நிழலில், தண்ணீர் எடுக்காமல் ஒருவரும் அசைய மாட்டார்கள். இப்படி ஒரு கூட்டம் எனக்குச் சென்மத்தில் வாய்த்ததில்லை.

"வீட்டுக்கு ஒரு கான். கடற்கரைக்கெண்டால் இந்தப் பக்கம், கோயிலடிக்கெண்டால் அந்தப் பக்கம் வையுங்கோ" என்றேன். ஒரு ஐயா தன் ஐந்து கானையும் கோயிலடிப் பக்கம் வைத்தார். பெண்கள் போட்ட சத்தத்தில் நாலு திரும்பிப் போனது. ரெஜினா அக்கா தன் கானை இந்தப் பக்கம் வைத்தார். அவர் நடப்பதைக் கிழமைக்குக் கிழமை பார்த்திருந்த கோயிலடிப் பெண்கள் பலரும் அதன் பக்கத்திலேயே வைத்தார்கள். எண்ணத் தேவையே இருக்கவில்லை.

எங்கள் அலுவலகப் பெரியவர் வரவு இடாப்பு எங்கே என்று கேட்டார். பெயர் தெரியும்படி கான்களின் படத்தை அனுப்பினேன். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். தாங்கி கடற்கரைக்கு. அடுத்த செவ்வாய் ஓட்டமாய் ஓடிப்போய், கடைசியில் உங்கள் எல்லோரையும் பேச வைத்துவிட்டேன் பார்த்தீர்களா என்று ரெஜினா அக்காவிடம் பெருமையடித்தேன். அவர் கானை நிரப்பி மூடியை இறுக்கினார்.

"நாங்கள் எல்லாச் செவ்வாயும் இஞ்சைதான் நிக்கிறனாங்கள், மிஸ். நீங்கள்தான் இவ்வளவு நாளும் வரேல்லை."

மக்களின் பங்கேற்பை அதிகரிக்க வழி என்ன என்று மேலிடம் அனுப்பிய நீண்ட படிவத்தில், உத்தியோகத்தரின் பங்கேற்பை அதிகரிப்பது என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது.